480 வோல்ட் இயந்திரத்துக்கு மலைமேல் எர்த் அமைக்கும் முறை

நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அமெரிக்காவிலிருந்து பழைய பொட்டலமிடும் இயந்திரம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்த்தகட்டில் 480 வோல்ட், 3 ஃபேஸ் என்று பொறித்திருப்பதைப் பார்த்ததும், நம் 415 வோல்ட்டை 480 ஆக உயர்த்தும் மின்மாற்றியைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். மின்மாற்றி கிடைத்துவிடும். கேபிள் இழுத்து, லக் அடித்து, பட்டனை அழுத்தினால் இயந்திரமும் ஓடும். எர்த் இல்லாவிட்டாலும், தவறாக இருந்தாலும், அது அப்படியேதான் ஓடும் என்பதால், தவறு செய்தவருக்கு அது தெரியவே வராது. பல மாதங்கள் கழித்து இயந்திரத்தின் உடம்பில் கை வைக்கும் தொழிலாளிக்குத்தான் தெரியவரும். அந்தத் தவறு எங்கே நேர்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும் செய்ய வேண்டிய வேலை இது. தொழிற்சாலைப் பொறியாளர் அதை அருகில் நின்று சரிபார்க்கும் அளவுக்கு இங்கே விளக்கியிருக்கிறேன்.

மின்மாற்றி உண்மையிலேயே வேண்டுமா?

எர்த்துக்கு வருமுன் ஒரு கேள்வியை முடித்துவிட வேண்டும். 480 வோல்ட் லைனுக்கான அமெரிக்க இயந்திரத்தின் மோட்டார் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் இரும்புக்குள் இருக்கும் காந்தப்புலத்தின் அளவு, வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 460-ஐ 60 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7. அதே விகிதம் 50 ஹெர்ட்ஸில் கிடைக்க 383 வோல்ட் போதும். ஆகவே மின்சாரத்தை நேரடியாக எடுக்கும் அத்தகைய மோட்டாருக்கு 480 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் அதன் இரும்பு கால் பங்கு கூடுதலாகத் திணறும், சூடேறிக் கருகும். இயந்திரத்தின் மோட்டார்கள் எல்லாம் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு டிரைவ்) வழியாக ஓடுபவையாகவும், அந்த டிரைவ்களின் தகட்டில் 50/60 ஹெர்ட்ஸ் என்று இருப்பவையாகவும் இருந்தால்தான் ஏற்று மின்மாற்றிக்கு அர்த்தம் உண்டு. மின்மாற்றியின் தகட்டிலும் 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பழைய மின்மாற்றியை இயந்திரத்தோடு சேர்த்து மலிவாகத் தள்ளிவிடுவோர் உண்டு, அதை வாங்காதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு 45 கேவிஏ மின்மாற்றி ஒன்றை வைத்துக்கொண்டு மேலே போவோம். இதன் 415 வோல்ட் பக்கத்தில் முழுச் சுமையில் ஏறக்குறைய 63 ஆம்பியரும், 480 வோல்ட் பக்கத்தில் 54 ஆம்பியரும் ஓடும்.

தகட்டில் இருக்கும் எழுத்துகள்

நம் ஊரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் கிடைப்பது டிஒய்என் 11 (Dyn11) என்று தகட்டில் எழுதிய மின்மாற்றி. இந்தக் குறியீட்டில் முதலில் வரும் பெரிய எழுத்து உயர் மின்னழுத்தச் சுற்றையும், அடுத்து வரும் சிறிய எழுத்துகள் தாழ் மின்னழுத்தச் சுற்றையும் குறிக்கும். அதாவது உயர் பக்கம் டெல்டா (மூன்று சுருள்களும் முக்கோணமாக இணைந்தது), தாழ் பக்கம் நியூட்ரலோடு கூடிய ஸ்டார் (மூன்று சுருள்களும் ஒரு நடுப்புள்ளியில் சேர்ந்தது; அந்தப் புள்ளியே நியூட்ரல்). மின்னழுத்தத்தைக் குறைப்பதற்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. இதையே திருப்பிப் போட்டு 415-ஐ ஸ்டார் பக்கம் கொடுத்தால், 480 வோல்ட் வெளியே வருவது டெல்டாவிலிருந்து. டெல்டாவுக்கு நடுப்புள்ளி கிடையாது. எர்த்தோடு பிணைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கோத்தகிரிச் சரிவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் பார்க்கப் போனது இப்படிப்பட்ட இணைப்பைத்தான். ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் மூன்றும் மூன்று விதமாகக் காட்டின. கம்பியைச் சற்று அசைத்தால் எண்களும் அசைந்தன. இரண்டு டிரைவ்கள் ஏற்கெனவே போயிருந்தன. மின்மாற்றி புதிது, கேபிள் புதிது, எர்த் குழிகூடப் புதிது என்று ஒப்பந்ததாரர் சொன்னார். அவர் சொன்னது எல்லாம் உண்மைதான். 480 வோல்ட் சுற்று மட்டும் பூமியோடு எந்த உறவும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

மிதக்கும் சுற்றில் முதல் ஃபேஸ் இயந்திரத்தின் உடம்பைத் தொட்டாலும் பிரேக்கர் விழாது, ஏனென்றால் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லை. மற்ற இரண்டு ஃபேஸ்களும் அந்தக் கணமே எர்த்தைப் பொறுத்து இயல்பான 277-லிருந்து (480-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது) 480 வோல்ட்டுக்கு ஏறிவிடும். பிழை விட்டு விட்டுப் பொறி தட்டினால் இன்னும் பல மடங்கு உயரவும் கூடும். டிரைவுக்குள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே இருக்கும் வாரிஸ்டர்களும் வடிகட்டிக் கெபாசிட்டர்களும் இதைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

எனவே வாங்கும்போதே 415 பக்கம் டெல்டா, 480 பக்கம் நியூட்ரல் வெளியே எடுத்த ஸ்டார் என்று கேட்டு வாங்குங்கள். தகட்டில் அது ஒய்என்டி 11 (YNd11) அல்லது ஒய்என்டி 1 (YNd1) என்று இருக்கும். அமெரிக்க மின்மாற்றியானால் உயர் பக்கத்து முனைகள் எச், தாழ் பக்கத்து முனைகள் எக்ஸ் என்று பெயர் பெற்றிருக்கும். நமக்கு வேண்டிய நியூட்ரல் எச்-ஜீரோ. எக்ஸ்-ஜீரோ மட்டும் இருந்தால் அந்த நியூட்ரல் தாழ் பக்கத்தில், அதாவது நாம் மின்சாரம் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஏற்கெனவே திருப்பிப் போடும் மின்மாற்றியை வாங்கிவிட்டவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஸ்டார் பக்கத்து நியூட்ரலில் மின்வாரியத்தின் நியூட்ரலையோ எர்த்தையோ இணைக்கக் கூடாது. இணைத்தால், காற்றில் கற்பூர மரக்கிளை விழுந்து லைனில் ஒரு ஃபேஸ் போகும் ஒவ்வொரு முறையும், இந்தச் சின்ன மின்மாற்றியின் டெல்டா, வெளியே அறுந்த ஃபேஸைத் தானே உருவாக்கித் தர முயன்று கருகிவிடும். மலையில் ஒரு ஃபேஸ் போவது அரிய நிகழ்ச்சி அல்ல என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, 480 பக்கத்துக்கு ஜிக்ஜாக் வகை எர்த்திங் மின்மாற்றி ஒன்றைச் சேர்த்து நியூட்ரலை உருவாக்கிக்கொள்ள வேண்டும். டெல்டாவின் ஒரு மூலையை எர்த் செய்வது என்ற வழியும் உண்டு. டிரைவ்கள் உள்ள இயந்திரத்துக்கு, அதன் கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆட்டோ மின்மாற்றி என்றால் கதையே வேறு. அதில் இரண்டு பக்கமும் ஒரே சுருளில் இருப்பதால் புதிய சுற்று எதுவும் பிறப்பதில்லை. பழைய எர்த்தே தொடர்கிறது. அங்கே புதிதாக நியூட்ரலை எர்த்தோடு பிணைக்காமல், எர்த் கம்பியை மட்டும் தொடர்ந்து கொண்டுபோனால் போதும்.

நியூட்ரலைப் பிணைத்தல்

எர்த் என்றாலே குழி, கரி, உப்பு, தண்ணீர் என்றுதான் நம் மனம் ஓடுகிறது. பிரேக்கரை விழவைப்பது குழி அல்ல; மின்மாற்றியின் ஸ்டார் புள்ளியையும் இயந்திரத்தின் உடம்பையும் உலோகத்தால் சேர்க்கும் கம்பிதான். இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மண்ணின் மின்தடைத்திறன் 300 ஓம்-மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3 மீட்டர் குழாயின் எர்த் தடை ஏறக்குறைய 90 ஓம் வரும். மின்மாற்றியின் நியூட்ரலுக்கு ஒரு குழி, இயந்திரத்துக்கு வேறொரு குழி, இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை என்றால், ஃபேஸ் உடம்பைத் தொடும்போது 277 வோல்ட்டுக்கு எதிரே நிற்பது 180 ஓம். ஓடும் மின்னோட்டம் ஒன்றரை ஆம்பியர். 63 ஆம்பியர் பிரேக்கர் அதைச் சுமையாகக்கூடக் கருதாது. இயந்திரத்தின் உடம்போ 138 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும்.

இப்போது ஸ்டார் புள்ளியை எர்த் பட்டையோடு பிணைத்து, அங்கிருந்து 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஃபேஸ் கம்பிகளோடு ஒரே பாதையில் இயந்திரம் வரை கொண்டுபோகிறோம் என்று கொள்வோம். 30 மீட்டர் தொலைவுக்குப் போக வரக் கம்பியின் தடை 0.07 ஓம், 4 சதவீத இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) உள்ள 45 கேவிஏ மின்மாற்றியின் பங்கு 0.2 ஓம். 277-ஐ இவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஆயிரம் ஆம்பியரை ஒட்டி வருகிறது. பத்து மடங்கில் காந்த டிரிப் (மின்னோட்டம் அந்த அளவுக்குப் பெருகினால் உடனே திறக்கும் அமைப்பு) வைத்த 63 ஆம்பியர் எம்சிசிபி, அதாவது தொழிற்சாலை வகைப் பிரேக்கர், அக்கணமே விழும். குழி 90 ஓமாக இருந்தாலும் 9 ஓமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

செய்முறை இதுதான். முதன்மைப் பக்கத்தில், அதாவது 415 பக்கத்தில், மூன்று ஃபேஸ்களும் எர்த்தும் மட்டும் வரும். டெல்டாவுக்கு நியூட்ரல் தேவையில்லை. மின்மாற்றியின் பெட்டியையும் இரும்பு மையத்தையும் தொழிற்சாலையின் எர்த் கட்டத்தோடு (எர்த் பட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்த வலை) இரண்டு தனித்தனிப் பட்டைகளால் இணைக்க வேண்டும். நியூட்ரல் முனையிலிருந்தும் அதே போல் இரண்டு தனித்தனி இணைப்புகள், இரண்டு வெவ்வேறு எர்த் மின்வாய்களுக்கு (மண்ணில் புதைத்த குழாய் அல்லது பட்டை) போக வேண்டும். மூன்று ஃபேஸ் நியூட்ரலுக்கும் இயந்திர உடம்புகளுக்கும் இவ்விரட்டை இணைப்பு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கேட்பது. பிறகு நியூட்ரலையும் பெட்டியின் எர்த் பட்டையையும் ஃபேஸ் கம்பிக்குக் குறையாத தடிமனுள்ள செம்பால் சேர்த்துவிடுங்கள். பெட்டியின் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தின்மேல் லக் உட்காருமாறு, ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். பெயின்ட்டின்மேல் முடுக்கிய போல்ட் பார்வைக்கு மட்டும்தான் எர்த்.

இந்தப் பிணைப்பு ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். மின்மாற்றியில் போட்ட பிறகு இயந்திரத்தின் பேனலுக்குள் இன்னொரு நியூட்ரல்–எர்த் ஜம்பர் (இரண்டையும் சேர்க்கும் சிறு கம்பி) இருந்தால், சுமை மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் கம்பி வழியாகவும் இயந்திரத்தின் இரும்புச் சட்டம் வழியாகவும் ஓடத் தொடங்கும். பழைய இயந்திரங்களில் முந்தைய உரிமையாளர் போட்ட ஜம்பர் கிடப்பது உண்டு. பேனலைத் திறந்து தேடிக் கழற்றுங்கள்.

எர்த் கம்பியின் தடிமனுக்கு எளிய விதி ஒன்று உண்டு: ஃபேஸ் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் வரை இருந்தால் எர்த்தும் அதே அளவு, 35 வரை இருந்தால் 16, அதற்கு மேல் போனால் பாதி. 480 பக்கத்துக்குத் தனி எம்சிசிபி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் முதன்மைப் பக்கத்துப் பிரேக்கர் இதை முழுமையாகக் காப்பாற்றாது. கடையில் கிடைக்கும் சாதாரண எம்சிபி 415 வோல்ட்டுக்குச் செய்தது. 480-க்கு அதை எடுத்துப் போடாதீர்கள். மேலே மெயின் போர்டில் இருக்கும் எர்த் லீக்கேஜ் ரிலேயை நம்பியும் இருந்துவிடக் கூடாது. டெல்டா–ஸ்டார் மின்மாற்றியின் மறுபக்கத்தில் நடக்கும் எர்த் பிழை, இந்தப் பக்கத்தில் ஃபேஸ்களுக்கு இடையிலான மின்னோட்டமாகத்தான் தெரியும். ரிலேவின் கண்ணில் கசிவு என்று எதுவும் படாது. கசிவுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 480 பக்கத்திலேயே புதிதாக வைக்க வேண்டும். டிரைவ்களின் இயல்பான கசிவே 30 மில்லி ஆம்பியர் கருவியை ஓயாமல் விழவைக்கும் என்பதால் 300 மில்லி ஆம்பியர் அளவில், டிரைவுக்குப் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மலை மண்ணில் மின்வாய்

பிரேக்கரை விழவைப்பது குழி அல்ல என்றால் குழி எதற்கு என்று கேட்கலாம். இடி மின்னலின்போதும், உயர் அழுத்த லைன் தவறிக் கீழ்ச் சுற்றைத் தொடும்போதும், சுற்று முழுவதும் பூமியின் நிலையை ஒட்டி நிற்க அது வேண்டும். முகட்டில் கட்டிய தொழிற்சாலைகளுக்கு, சித்திரை மாத இடிமழையை நினைத்தால், இது சிறிய காரணம் அல்ல.

சமவெளியில் செய்வதுபோல 3 மீட்டர் குழாயை நேராக இறக்குவது இங்கே பல இடங்களில் முடியாது. ஒரு மீட்டர் செம்மண்ணுக்குக் கீழே பாறை முட்டும். முட்டிய இடத்தில் குழாயை அறுத்துவிட்டு மேலே மூடி போட்டு மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல வழி, சரிவின் குறுக்கே, சமமட்டத்தை ஒட்டி, அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நீண்ட பள்ளம் வெட்டி, ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) கிடையாகப் புதைப்பது. மேலே சொன்ன அதே 300 ஓம்-மீட்டர் மண்ணில் 0.6 மீட்டர் ஆழத்தில் புதைத்த 30 மீட்டர் பட்டை ஏறக்குறைய 17 ஓம் தரும். 90 ஓம் தரும் ஒற்றைக் குழாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேயிலை வரிசைகளுக்கு இடையில் ஏற்கெனவே இருக்கும் வடிகால் ஓரத்தைப் பயன்படுத்தினால் செடியையும் தொட வேண்டியதில்லை. குழாய்களை இறக்க முடிந்த இடத்தில், ஒன்றுக்கொன்று இடைவெளி குழாய் நீளத்தின் இரு மடங்குக்குக் குறையக் கூடாது. நெருக்கி அடித்த நான்கு குழாய்கள் இரண்டின் வேலையைக்கூடச் செய்யாது.

தேயிலை வளரும் மண் அமிலத்தன்மை உள்ளது; ஜிஐயின் துத்தநாகப் பூச்சை அது விரைவில் தின்றுவிடும். ஆகவே பட்டையில் தடிமனானதை, 25×6 மில்லிமீட்டரை, எடுங்கள். மண்ணுக்குள் போல்ட் மூட்டுகளைத் தவிர்த்து வெல்டிங் செய்து, அதன்மேல் தார் பூசுங்கள். உப்பும் கரியும் கொட்டுவது சரிவில் வீண்: இரண்டு பருவமழைகளில் உப்பு கீழ்த்தோட்டத்துக்குப் போய்விடும், போகும் வழியில் இரும்பையும் அரிக்கும். பெண்டோனைட் களிமண் நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதுவே இங்கே மேல்.

ஒரு ஓம் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மேலாளர்களைச் சந்தித்திருக்கிறேன். பாறை மலையில் ஒற்றை இயந்திரத்துக்காக அந்த எண்ணைத் துரத்துவது பணத்தை மண்ணில் புதைப்பது. புதிய பட்டையைக் கட்டடத்தின் பழைய எர்த் கட்டத்தோடும், கூரையின் இரும்புத் தூண்களோடும், தண்ணீர்க் குழாய்களோடும் சேர்த்துவிடுவதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ்ந்தால் கைக்கும் காலுக்கும் இடையே வேறுபாடு தோன்றாது.

இயந்திரத்தை நிறுவ வரும் ஆட்கள் சில நேரம் "எங்களுக்குத் தனி எர்த், சுத்தமான எர்த்" என்று கேட்பார்கள். நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் அப்படியே தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள், மற்ற எர்த்தோடு இணைக்கவில்லை. கோடை இடியில் இரண்டு எர்த்களுக்கும் இடையே எழுந்த மின்னழுத்தம், இரண்டு பக்கமும் கம்பி வைத்திருந்த கட்டுப்பாட்டு அட்டையின் வழியாகத்தான் சமன்பட்டது, அட்டை கரியாகிப்போனது. தனிக் குழி வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் அது மற்றவற்றோடு கம்பியால் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சோதனை

மின்சாரம் கொடுக்குமுன், டிரைவ்களைக் கேபிளிலிருந்து பிரித்து, நியூட்ரல் பிணைப்பையும் கழற்றிவிட்டு, மெக்கரால் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்பின் தடையை அளக்கும் கருவி) சுற்றுகளின் காப்பை அளக்க வேண்டும். டிரைவோடு சேர்த்து மெக்கர் போட்டால் டிரைவ்தான் முதலில் சாகும். அளந்து முடித்ததும் பிணைப்பைத் திரும்பப் போட மறப்பதுதான் இந்த வேலையில் நான் கண்ட மிகச் சாதாரணமான தவறு. கழற்றிய போல்ட்டைச் சட்டைப் பையில் போடாமல், துணியில் முடிந்து மின்மாற்றியின் கதவுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். அதை அவிழ்க்காமல் யாரும் கதவை மூட முடியாது. பிறகு இயந்திரத்தின் உடம்பிலிருந்து மின்மாற்றியின் நியூட்ரல் வரை தொடர்ச்சியைக் குறைந்த தடை மீட்டரால் பாருங்கள். ஓமின் சிறு பின்னம் மட்டுமே காட்ட வேண்டும்.

எர்த் மின்வாயை அளக்க, அதைக் கட்டத்திலிருந்து பிரித்து, மின்னோட்ட ஆணியைக் குறைந்தது 30 மீட்டர் தள்ளியும் மின்னழுத்த ஆணியை அதில் 62 சதவீதத் தொலைவிலும் அடிக்க வேண்டும். 30 மீட்டர் நீளப் பட்டையானால் இந்தத் தொலைவு போதாது. பட்டைக்குச் செங்குத்தான திசையில் பல மடங்கு தள்ளிப் போக வேண்டியிருக்கும். மின்னழுத்த ஆணியை முன்னும் பின்னும் நகர்த்தி, அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள்.

அடுத்து, இயந்திரத்தின் பிரேக்கரைத் திறந்து வைத்தபடியே மின்மாற்றிக்கு மின்சாரம் கொடுங்கள். ஃபேஸ்களுக்கு இடையே 480, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 277, மூன்று ஃபேஸ்களுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே 277, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பூச்சியம். மல்டிமீட்டர் மிதக்கும் சுற்றிலும் சில வேளை 277-ஐ ஒட்டிக் காட்டி ஏமாற்றும் என்பதால், 240 வோல்ட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரில் கோத்த டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே, யாரும் இயந்திரத்தைத் தொடாமல் இருக்கும்போது, வைத்துப் பார்ப்பேன். பிணைப்பு சரியாக இருந்தால் மூன்றிலும் ஒரே அளவாக, உறுதியாக எரியும். மிதந்தால் மங்கும், அல்லது எரியவே எரியாது.

கடைசியாக இயந்திரத்தை முழுச் சுமையில் ஓடவிட்டு, எர்த் கம்பியைச் சுற்றிக் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள். டிரைவ் வடிகட்டிகளின் சிறு கசிவு தெரியலாம். ஆம்பியர் கணக்கில் ஓடினால் எங்கோ இரண்டாவது ஜம்பர் மறைந்திருக்கிறது. பேனலை மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.

எர்த் அளவை மழைக்காலத்தில் எடுத்து மகிழ வேண்டாம். ஆடியில் ஊறிக் கிடக்கும் மண் எந்தக் குழியையும் நல்ல குழியாகக் காட்டும். மழை நின்று, பனியும் ஓய்ந்து, மண் வெடிக்கத் தொடங்கும் மாசி, பங்குனியில் அளந்து, அந்தத் தேதியையும் எண்ணையும் குழி மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். வெளிப்புறத்தில் எழுதினால் பாசி மூடிவிடும்.